மஞ்சள் சீட்டுக்காரர்

கேட்காமலே கருத்துச் சொல்லுகிற ஆசாமிகளை நீங்கள் வேண்டிய மட்டும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கு ஒருவர் உண்டு. நான் அறிமுகம் செய்ய வந்திருப்பது அதற்கு நேரெதிரான இனத்தை. இவர் வாயைத் திறந்தால் கருத்துச் சொல்ல மாட்டார், கேட்பார். உங்கள் தேவை என்ன, உங்கள் கனவு என்ன, ஐந்து வருடம் கழித்து உங்கள் தெருவை எப்படிப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டு, நீங்கள் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டி, ஆட்டிய தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை இடுக்கி, "அருமை, அருமை" என்று முனகி, நீங்கள் சொன்னதில் இரண்டு சொல்லை மட்டும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, அதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போய்விடுவார். இரண்டு நாளில் பசை காய்ந்து சீட்டு உதிரும். அடுத்த வருடம் திரும்ப வந்து மறுபடியும் கேட்பார்.

இவருடைய பதவி திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஒரு வருடம் மக்கள் பங்கேற்பு ஆலோசகர், அடுத்த வருடம் நிலைத்த வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர், பெரிய வெள்ளம் வந்த வருடத்திலிருந்து சமூக மீள்திறன் வல்லுநர். மீள்திறன் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அதற்கென்று ஒருநாள் பயிலரங்கம் நடத்திவிடுவார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அடிபட்டு விழுந்தவன், யார் தள்ளிவிட்டது என்று கேட்காமல், தானாகவே எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிப்பதுதான் மீள்திறன். அவர் கூட்டம் போட்ட வாய்க்கால் ஓரத் தெருக்காரர்களுக்கு இந்தப் பதவியெல்லாம் வாயில் நுழையவில்லை. அவர்கள் வைத்த பெயர் 'மஞ்சச் சீட்டு சார்'.

இவ்வளவு விவரம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவருடைய அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிறவன் நான்தான். கூட்டத்துக்குக் கூடவே போய் ஒரு மூலையில் கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அறிக்கை பெரும்பாலும் முதல் நாளே தயாராக இருக்கும். ஊர்ப் பெயருக்கும் வந்தவர் எண்ணிக்கைக்கும் இடம் விட்டிருப்போம்.

அவர் கூட்டம் நடத்துகிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே நாற்காலிகளை வரிசையாகப் போட்டதற்காக எல்லாரையும் செல்லமாகக் கடிந்துகொள்வார். "வட்டமா போடுங்க, வட்டமா! இங்க மேல கீழன்னு யாரும் கிடையாது. நானும் உங்கள்ல ஒருத்தன்." நாற்காலிகள் கடமுடவென்று வட்டமாகும். அதில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உங்களில் ஒருவரான அவர் அதில் உட்காருவார்.

பிறகு அறிமுகம். பெயர் சொன்னால் போதாது, உங்களை ஒரு மிருகமாக நினைத்துக்கொண்டால் என்ன மிருகம் என்றும் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் இரவுக் காவல் பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், "நாய்தான் சார். இருபத்தாறு வருஷம் தூங்காம குலைச்சிருக்கேன்" என்றார். "அருமை, விசுவாசம்!" என்று ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டப்பட்டது. அது முடிந்ததும் எல்லாரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும். பாதிப் பேர் அதிலேயே தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர்தான் சமூகம்.

அவருடைய உண்மையான வித்தை இதற்குப் பிறகுதான். 'வேண்டுமா, வேண்டாமா' என்று அவர் கேட்கவே மாட்டார். பயிற்சி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று யாராவது சொல்லித் தொலைப்பார்களே! அதனால் பயிற்சி காலையிலா, மத்தியானமா என்று கேட்பார். ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு ஸ்டிக்கரைக் கொடுத்து, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் 'காலை', 'மத்தியானம்' என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் ஒட்டச் சொல்வார். மக்கள் எழுந்து வந்து, யோசித்து, பக்கத்து வீட்டுக்காரர் எதில் ஒட்டுகிறார் என்று பார்த்து ஒட்டுவார்கள். மக்கள் முடிவெடுத்துவிட்டார்கள்! கூட்டம் பேசாமல் இருந்தால் 'ஏகமனதாக ஒப்புக்கொண்டனர்' என்று எழுதுவது எங்கள் அலுவலக வழக்கம். யாராவது இருமினால் 'விவாதித்து ஒப்புக்கொண்டனர்'.

வாய்க்கால் ஓரத் தெருவில் நடந்த கூட்டத்தில் ஒருவர் தூங்கவில்லை. அவர் தையல்கார அக்கா. பொட்டு ஒட்டும் கட்டம் வருவதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார்.

"சார், எங்க தெருவுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். வாய்க்கால் ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் வழியா போகுது இல்லையா, அதுக்குப் பத்தடி முன்னாடி ஒரு கம்பித் தடுப்பு. மழைத் தண்ணியில வர்ற குப்பையெல்லாம் அதுல நின்னுடும். நாங்களே வாரிப் போட்டுடுவோம். இப்ப நேரா போய்க் குழாயை அடைச்சுக்குது. தண்ணி போக வழியில்லாம திரும்பி வீட்டுக்குள்ள வருது."

"அருமை. இது பிரச்சினை. இந்தப் பிரச்சினைக்கு அடியில என்ன இருக்குன்னு யோசிங்க."

"குழாய்தான் சார்."

"அதுக்கும் அடியில?"

அக்கா திகைத்துப்போய்ப் பக்கத்தில் இருந்த பம்ப் மெக்கானிக்கைப் பார்த்தார். "சேறு" என்றார் மெக்கானிக்.

"இல்லைங்க. மனநிலை! தடுப்பு வாய்க்கால்ல இருந்தா போதாது, நம்ம மனசுல இருக்கணும். என்ன சொல்றீங்க?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏகமனதாக ஒப்புக்கொண்டனர். 'கம்பித் தடுப்பு' என்று எழுதிய மஞ்சள் சீட்டு, 'நீண்ட காலக் கனவுகள்' என்ற தலைப்பின் கீழ், மின்விசிறிக்கு நேராக ஒட்டப்பட்டது. நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது பறந்து போய் ஜன்னலுக்கு வெளியே விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கூட்டம் முடிந்து, கிழிந்த என் பையைத் தைத்து வாங்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. ஜன்னல் பக்கம் தையல் மெஷின், எதிரே கட்டில். கட்டிலில் அவருடைய கணவர். அவர் பெயிண்டர், ஆறு வருடத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலின் நான்கு கால்களுக்கும் கீழே செங்கல் அடுக்கியிருந்தார்கள். காலுக்கு நான்கு.

"முதல் வெள்ளத்துக்கு ரெண்டு செங்கல் வெச்சோம்" என்று பெயிண்டர் ஏதோ வீட்டு வரலாறு சொல்வதுபோலச் சொன்னார். "அடுத்ததுக்கு மூணு. போன வருஷம் நாலு. தண்ணி மெத்தையைத் தொட்டுட்டு நின்னுடுச்சு. அஞ்சாவது வெச்சுப் பார்த்தோம், கட்டில் ஆடுது."

"இந்த மழைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"அதைத்தானே கேட்டேன் உங்க சார்கிட்ட" என்றார் அக்கா, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. என் பையை இரட்டைத் தையலாகத் தைத்துக் கொடுத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. மூலையில் உட்கார்ந்து 'ஏகமனதாக' என்று தட்டிய விரல்கள் என்னுடையவை அல்லவா!

வெட்கப்பட்டவன் ஒழுங்காக வேலை செய்தேனா என்றால், அதுவும் இல்லை. இந்தத் தெருவுக்கு முன்னால் நாங்கள் போன ஊர் ஒரு கடற்கரை ஊர். அந்த அறிக்கையை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றி, எண்ணிக்கையை மாற்றி, பதினான்காம் பத்தியை மாற்ற மறந்துவிட்டேன். அதில் இப்படி இருந்தது: 'மீனவப் பெருமக்கள் தங்கள் முதன்மைத் தேவையாக மீன்பிடி வலைகளையும் படகுப் பராமரிப்புப் பயிற்சியையும் முன்வைத்தனர்.' வாய்க்கால் ஓரத் தெருவிலிருந்து கடல் நூறு மைல். அறிக்கையில் ஏழு கையெழுத்து விழுந்தது. கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் ஒருவருக்கும் அங்கே எப்போது கடல் வந்தது என்று சந்தேகம் வரவில்லை.

நாலு மாதம் கழித்து ஒரு லாரி வந்து நின்றது. பன்னிரண்டு கட்டு மீன்வலை. நைலான் வலை, மேல் ஓரத்தில் மிதவை, கீழ் ஓரத்தில் ஈயக்குண்டு, எல்லாம் முதல் தரம். நான் விழுந்தடித்துக்கொண்டு சாரிடம் ஓடினேன். "சார், மன்னிச்சுடுங்க, என் தப்பு. பழைய அறிக்கையில இருந்த பத்தி அப்படியே வந்துடுச்சு. அங்க யாரும் மீன் பிடிக்கிறவங்க இல்ல."

அவர் என்னை மிகுந்த வருத்தத்தோடு பார்த்தார். "ஆவணத்துல மக்கள் கேட்டதா இருக்கு இல்லையா?"

"இருக்கு சார். ஆனா..."

"மக்களோட குரலை நாம திருத்தலாமாங்க?"

வலை இறங்கியது. படகுப் பராமரிப்புப் பயிற்சியும் நடந்தது. படகு இல்லாததால் படகின் படத்தை வைத்து நடந்தது. தெருவே திரண்டு வந்திருந்தது. பிஸ்கட்டும் சான்றிதழும் கொடுத்தார்கள். பம்ப் மெக்கானிக் தன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

வலைக் கட்டுகள் சங்கக் கட்டடத்தின் மூலையில் கிடந்தன. ஒரு கட்டைத் தையல்கார அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தார். துணியைப் பார்ப்பது போலவே வெளிச்சத்தில் பிடித்து, இழுத்து, வலைக்கண் எவ்வளவு பெரிது, இழை எவ்வளவு தாங்கும் என்று பார்த்தார். அடுத்த நாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வாய்க்காலின் இரண்டு கரையிலும் பழைய பம்புக் குழாயைத் தூணாக இறக்கினார் மெக்கானிக். அக்கா நான்கு வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரத்தில் கயிறு கொடுத்துத் தைத்தார். மிதவை மேலே, ஈயக்குண்டு கீழே, குழாய்க்குப் பத்தடி முன்னால் வாய்க்காலுக்குக் குறுக்கே வலை நின்றது. யாரும் வட்டமாக உட்காரவில்லை. யாரும் எந்த மிருகமாகவும் இருக்கவில்லை.

மழை ஒரு காலையில் பிடித்தது, மறுநாள் மத்தியானம்தான் விட்டது. பாட்டில், செருப்பு, பிளாஸ்டிக் பை, உடைந்த பொம்மை, யார் வீட்டுத் தலையணையோ, எல்லாம் வந்து வலையில் முட்டின. வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டு, கொக்கிக் கம்பால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டார்கள். கை மரத்துப்போகும்வரை ஒருவர், பிறகு அடுத்தவர். இரவுக் காவல் பெரியவரும் தன் முறையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் குழாய்க்குள் போனது. தெருவுக்குள் கணுக்கால் அளவு வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பெயிண்டரின் மெத்தை நனையவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன்!

சாருக்கும் செய்தி போனது. அவருக்கும் அழுகை வந்திருக்கும். ஆனால் அவர் அதை அறிக்கையாக்கினார். 'மக்கள் கேட்டார்கள், கொடுத்தோம், வென்றார்கள்' என்று தலைப்பு. தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அம்மா நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. முதல் நாளே சார் தையல்கார அக்காவின் வீட்டுக்குப் போய்விட்டார், நானும் கூடப் போனேன்.

"நீங்கதான் பேசணும். வலை கேட்டோம், வலை கிடைச்சுது, ஜெயிச்சோம்னு சொன்னா போதும்."

"நாங்க வலை கேக்கலையே சார். கம்பித் தடுப்புதான் கேட்டோம். வலை ரெண்டு இடத்துல கிழிஞ்சு போச்சு, இன்னொரு மழைக்குத் தாங்காது. நாளைக்கு அதைத்தான் அந்தம்மாகிட்ட கேக்கப் போறேன்."

சார் தலையைச் சாய்த்தார். "அருமை. ஆனா அது நீண்ட காலக் கனவு. நாளைக்கு நல்லதை மட்டும் பேசுவோம், என்ன?"

அக்கா பேசவில்லை. ஏகமனதாக ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டு சார் வெளியே போனார். நான் செருப்பைத் தேடுவதுபோல வாசலில் தயங்கினேன். கட்டிலிலிருந்து பெயிண்டர் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"நீ கேக்கிற விதமே தப்பு. தொழில்ல நாங்க வீட்டுக்காரங்ககிட்டப் போய், பெயிண்ட் அடிக்கலாமான்னு கேக்கவே மாட்டோம். கேட்டா அடுத்த வருஷம் பார்க்கலாம்னுடுவாங்க. கலர் அட்டையை நீட்டி, நீலமா பச்சையான்னு கேப்போம். அவங்க கலரைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சா வேலை நம்மளுது."

அக்கா மெஷினை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "உங்க சார் ஒட்டச் சொல்ற பொட்டு, பையில மிச்சம் இருக்கா?"

இருந்தது. என் பையை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தவர் கேட்கிறார், எப்படி இல்லை என்பது?

மறுநாள் சங்கக் கட்டடம். நாற்காலிகள் முன்கூட்டியே வட்டமாக இருந்தன. கைப்பிடி நாற்காலியில் மேலதிகாரி அம்மா. சுவரில் பெரிய தாள். அக்கா எழுந்து, தலையைச் சற்றே சாய்த்து, கண்ணை இடுக்கி ஆரம்பித்தார்.

"இத்தனை நாளா சார் எங்ககிட்ட கருத்துக் கேட்டாங்க. இன்னிக்கு நாங்க அவங்க கருத்தைக் கேக்கிறோம். உங்க கருத்துதான் சார் முக்கியம்."

சாரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்ட மனிதரிடம் இதுவரை ஒருவரும் கருத்துக் கேட்டதில்லை போலும். எனக்கே அவர்மேல் ஒரு கணம் பாசம் வந்தது.

"குழாய்க்கு முன்னாடி வெக்கிற கம்பித் தடுப்புக்கு நீல பெயிண்ட் அடிக்கலாமா, பச்சையா?" அக்கா சார், மேலதிகாரி அம்மா இருவர் கையிலும் ஆளுக்கொரு சிவப்புப் பொட்டைக் கொடுத்தார்.

சார் பொட்டோடு எழுந்து தாளின் முன்னால் நின்று ஆழ்ந்து யோசித்தார். "நீலம். தண்ணீரோட நிறம் பாருங்க." ஒட்டினார். மேலதிகாரி அம்மாவோ பச்சைதான் வளர்ச்சியைக் குறிக்கும் என்றார். பத்து நிமிடம் இருவரும் நிறத்தைப் பற்றி வாதாடினார்கள். கடைசியில் மேலே நீலம், கீழே பச்சை என்று முடிவாயிற்று. அந்தச் சூட்டோடு மெக்கானிக் அடுத்த தாளை ஒட்டினார்.

"வேலையை இந்த மாசம் ஆரம்பிக்கலாமா மேடம், அடுத்த மாசமா?"

"ஏன் தள்ளிப் போடணும்? இந்த மாசமே!" என்று அம்மா பொட்டை ஒட்டினார். கைதட்டல். இரவுக் காவல் பெரியவர் இருமினார். விவாதித்து ஒப்புக்கொண்டனர்.

நான் அங்கேயே உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். எந்த இடத்தில், எத்தனை அடி அகலம், எந்த மாதம் என்று எல்லாவற்றையும் தெளிவாக எழுதி, பதினான்காம் பத்தியில் வைத்தேன். ஏழு கையெழுத்து விழுந்தது. ஒருவரும் படிக்கவில்லை. பதினான்காம் பத்தியில் இருந்தால் எங்கள் அலுவலகத்தில் எதுவும் வந்து சேரும்.

வந்தும் சேர்ந்தது. இப்போது வாய்க்காலில் கம்பித் தடுப்பு நிற்கிறது, மேலே நீலம், கீழே பச்சை. அதற்குப் பின் ஒரு மழை வந்து போய்விட்டது. பெயிண்டரின் கட்டிலுக்கு அடியில் காலுக்கு ஒரு செங்கல்தான் இருக்கிறது. அதையும் எடுத்துவிடலாமே என்றேன். "இன்னொரு மழை பார்த்துட்டு எடுக்கலாம். உங்க ஆபீஸ் வெச்சதாச்சே" என்றார்.

சார் இப்போது வேறு ஊரில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்தது போதும், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் நீங்கள் அப்பாவின் வீட்டுக்குப் போய், அவரை உங்களோடு அழைத்துக்கொள்ள எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, அவர் பக்கத்தில் பாசமாக உட்கார்ந்து, "அப்பா, உங்களுக்கு முன்னறை வேணுமா, பின்னறையா? உங்க இஷ்டம்தான்" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். வெளியே வந்து, "அப்பா ஒத்துக்கிட்டார்" என்று தங்கைக்குப் போன் செய்தீர்கள்.

அவர் இருமக்கூட இல்லை.